போல்ட்டில் நிற்கும் தட்டு

2025 ஜனவரி 3, விடிவதற்கு முன். கொச்சியிலிருந்து 18 டன் சமையல் எரிவாயுவோடு வந்த லாரி கோயம்புத்தூர் அவினாசி சாலை மேம்பாலத்தில் திரும்பும்போது, முன்வண்டியிலிருந்து டேங்கர் கழன்று பாலத்தின் மேலேயே கவிழ்ந்தது. எரிவாயு கசிந்தது. தீயணைப்பு வீரர்கள் தண்ணீரைப் பீய்ச்சியபடி நின்றார்கள். சாலைகளை அடைத்தார்கள், சுற்றியிருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். கசிவை அடைத்து, கிரேன் வைத்துத் தூக்கி அகற்றுவதற்குள் பொழுது நன்றாக ஏறிவிட்டது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. 2012 ஆகஸ்டில் கண்ணூர் அருகே சாலா என்ற ஊரில் இதே மாதிரி ஒரு டேங்கர் கவிழ்ந்து தீப்பிடித்து 20 பேர் இறந்ததை நினைத்துப் பார்த்தால், கோவை அன்று எதிலிருந்து தப்பியது என்று புரியும்.

முன்வண்டி தனி, சுமைவண்டி தனி என்று ஓடும் எல்லா வண்டிகளும் ஒரே ஓர் இரும்புத் தட்டை நம்பித்தான் ஓடுகின்றன. லாரிக்காரர்கள் அதை ஃபிஃப்த் வீல் என்பார்கள். பின் அச்சுக்குச் சற்று முன்னால், சேஸிஸ் மேல், கிரீஸ் அப்பிக் கறுத்துக் கிடக்கும். லாட வடிவம், பின்பக்கம் திறந்த வாய், வாய்க்குள் கொக்கி போல் பூட்டு. டிரெய்லரின் அடிவயிற்றிலிருந்து தொங்கும் கிங் பின் அந்த வாய்க்குள் நுழைந்து உட்கார்ந்ததும் பூட்டு மூடிக்கொள்ளும். பின்னின் விட்டம் 50.8 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம். அதிகக் கனம் இழுக்கும் வண்டிகளுக்கு மூன்றரை அங்குலம். இந்த அளவுகளை ஐ.எஸ்.ஓ. 337, 4086 என்ற இரண்டு தரநிலைகள் உலகம் முழுக்க ஒன்றாக்கி வைத்திருக்கின்றன. அதனால்தான் எண்ணூரில் புறப்பட்ட டிரெய்லரை எந்த ஊர் முன்வண்டியும் பின்னோக்கி வந்து மாட்டிக்கொள்ள முடிகிறது.

அந்தத் தட்டு லாரியின் சேஸிஸில் எப்படி நிற்க வேண்டும், வெல்டிங் வைத்தா, போல்ட் போட்டா என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சேஸிஸைத் தொடும் இடத்தில் போல்ட். எந்தச் சமாதானத்துக்கும் அந்த இடத்தில் நெருப்பு வைக்கக் கூடாது. ஏன் என்று விளங்க, இந்தத் தட்டு நடந்து வந்த வழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

குதிரை வண்டிக் காலத்திலேயே இதன் பாட்டன் பிறந்துவிட்டான். நான்கு சக்கர வண்டியின் முன் அச்சு திரும்ப வேண்டுமானால், அச்சுக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே கிடையாக ஒரு வளையம் வேண்டும். ஓடும் நான்கு சக்கரம் போக, படுத்துக்கிடந்த அந்த வளையம் ஐந்தாவது. மோட்டார் வந்தபின் அந்த வளையம் லாரிக்கு இடம் மாறியது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில் நாக்ஸ் கம்பெனிக்காக சார்லஸ் மார்ட்டின் என்பவர் 1909 வாக்கில் மூன்று சக்கர இழுவண்டி ஒன்றை உருவாக்கினார். குதிரை பூட்டிய வண்டிகளை அப்படியே மோட்டாருக்குப் பின்னால் மாட்டுவது அவர் எண்ணம். பிறகு, முன்னும் பின்னும் அசைந்துகொடுக்கும் ஃபிஃப்த் வீலுக்கு அவர் பெயரே நின்றது.

1914-ல் டெட்ராய்ட்டில் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லரிடம் மர வியாபாரி ஒருவர் வந்தார். மிச்சிகனின் வடக்கே உள்ள ஏரிக்குத் தன் படகைக் கொண்டுபோக வேண்டும், ஃபோர்டு மாடல் டி காரின் பின்னால் மாட்டுகிற மாதிரி ஏதாவது செய்து கொடு என்றார். ஃப்ரூஹாஃப் செய்து கொடுத்தார். படகு போய்ச் சேர்ந்தது. அந்த வியாபாரி அடுத்துக் கேட்டது, தன் மரக்கடைக்கும் அதே மாதிரி வண்டிகள். அப்படித் தொடங்கிய பட்டறை 1918-ல் ஃப்ரூஹாஃப் டிரெய்லர் கம்பெனியானது. முன்பாதிக்குச் சக்கரம் இல்லாமல், முன்வண்டியின் முதுகில் தலை சாய்த்துக்கொண்டு ஓடும் வண்டியைப் பெரிய அளவில் பரப்பியது அந்தக் கொல்லர் பட்டறைதான்.

1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி 58 அலுமினியப் பெட்டிகளை ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். பெட்டி கப்பலில் ஏறிய அன்றே, அது இறங்கும் துறைமுகம் எல்லாவற்றிலும் ஃபிஃப்த் வீல் தேவைப்படும் என்பது முடிவாகிவிட்டது. சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் 1983-ல் வந்தது. எண்ணூர் விரைவுச் சாலையில் திருவொற்றியூர், காசிமேடு வழியாகத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி மணிக்கணக்கில் ஊர்ந்த கன்டெய்னர் லாரி வரிசையைப் பார்க்காத வடசென்னைக்காரர் இருக்க மாட்டார். அதே எண்ணூரில்தான் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, 1955-ல் அசோக் லேலண்ட் ஆயிற்று. ஃபிஃப்த் வீல் தட்டுகளும் இப்போது உள்நாட்டிலேயே கிடைக்கின்றன. ஜெர்மனியின் ஜோஸ்ட் நிறுவனத்துக்கு ஜாம்ஷெட்பூரில் ஆலை இருக்கிறது. தென்னிந்தியாவின் எரிவாயு டேங்கர்களில் பெரும்பங்கு நாமக்கல்காரர்களுடையது. பாடி கட்டும் பட்டறைகளும் அங்கேயே. ஆக, தட்டின் கதை தமிழ்நாட்டில் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்துப் பட்டறைத் தரை.

அந்தத் தரையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது.

“மேஸ்திரி, ரெண்டு பக்கமும் நல்லா ஒரு வெல்டு வெச்சு உட்ருங்க. ஆடாம இருக்கோணும்.”

“ஆடோணும்ங்க. ஆடலீனா சேஸிஸ் வெடிச்சுப் போயிருமுங்க.”

மேஸ்திரி சொல்வதில் இருக்கிறது பொறியியல் முழுவதும். லாரியின் சேஸிஸ் என்பது இரண்டு நீளமான உத்தரங்கள், ஒவ்வொன்றும் ‘சி’ எழுத்து மாதிரி மடித்த எஃகுத் தகடு. இரண்டுக்கும் நடுவே ஏணிப் படிபோல கிராஸ் மெம்பர்கள். ஒரு பக்கத்து முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் இந்த ஏணி முறுக்கிக்கொள்ளும், பள்ளம் தாண்டியதும் நேராகிவிடும். முறுக்கிக்கொள்வதற்காகவே அதை அப்படிச் செய்கிறார்கள். கிராஸ் மெம்பர்களைத் தொழிற்சாலையிலேயே ரிவெட் அடித்தோ போல்ட் போட்டோதான் பொருத்துகிறார்கள். உலகத்திலேயே நல்ல வெல்டிங் இயந்திரங்களை வைத்திருக்கும் தொழிற்சாலைகள் அந்த இடத்தில் வெல்டிங்கைத் தவிர்க்கின்றன என்றால், தெருவோரப் பட்டறை அதை யோசிக்க வேண்டாமா?

இரும்பை உருக்கி ஒட்டும்போது என்ன நடக்கிறது? கனரக லாரிகளின் சேஸிஸ் உயர்வலிமை எஃகு. பல வண்டிகளில் அதைச் சூடாக்கி, சடாரெனக் குளிர்வித்து, மறுபடி மிதமாகச் சூடாக்கி வலிமை ஏற்றியிருப்பார்கள். வெல்டிங் ராடின் நுனி பட்ட இடம் உருகும். அதை ஒட்டி, உருகாமல் ஆனால் செக்கச் சிவந்து ஆறிய ஒரு பட்டை நிற்கும். அந்தப் பட்டையில் தொழிற்சாலை ஏற்றிய வலிமை இறங்கிவிடுகிறது, அல்லது ஓரிடத்தில் கண்ணாடி மாதிரி நொறுங்கும் கடினம் வந்துவிடுகிறது. வெல்டிங் ஆறும்போது சுருங்கி இழுக்கும் இழுவையும் உள்ளேயே தங்கிவிடும். வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே அந்த எஃகு பாரம் சுமந்துகொண்டிருக்கும் என்று அர்த்தம்.

இதைவிடப் பெரிய தீங்கு கண்ணுக்குத் தெரியாது. வெல்டிங் கோடு எங்கே தகட்டைத் தொட்டு முடிகிறதோ, அந்த ஓரத்தில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சின்னச் சின்னக் கீறல்கள் இருக்கும். கைதேர்ந்த வெல்டர் வைத்தாலும் இருக்கும். ஒரு தடவை இழுத்தால் ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு பிரேக்கும் ஒவ்வொரு வேகத்தடையும் ஒவ்வொரு பள்ளமும் அந்தக் கீறலை இழுத்து விட்டு, இழுத்து விட்டு, லட்சக்கணக்கான தடவை ஆனபின் அது வளரத் தொடங்குகிறது. பொறியாளர்கள் வெல்டிங் இணைப்புகளின் சோர்வைக் கணக்கிடும் அட்டவணைகளில் இணைப்பின் வடிவம்தான் கேள்வி. எஃகு எவ்வளவு வலிமையானது என்பது பொதுவாகக் கணக்கிலேயே வராது. காரணம், கீறல் முன்பே பிறந்துவிட்டது. விலை கொடுத்து உயர்வலிமை சேஸிஸ் வாங்கி, அதன் மேல் ஒரு வெல்டிங் வைத்தால், அந்த இடத்தில் சாதா இரும்பு வாங்கியதற்குச் சமம்.

அதிலும் கீழ் விளிம்பு ரொம்ப ஆபத்தான இடம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே சேஸிஸ் உத்தரம் பாலம் மாதிரி கிடக்கிறது. தட்டின் மேல் டிரெய்லரின் தலை அழுத்தும்போது உத்தரத்தின் மேல்விளிம்பு நசுங்கப் பார்க்கும், கீழ்விளிம்பு கிழியப் பார்க்கும். கிழியப் பார்க்கும் விளிம்பில் குறுக்காக ஒரு வெல்டிங் கோடு போடுவதும், ‘இங்கே கிழி’ என்று அடையாளம் வைப்பதும் ஒன்றுதான். கீழ்விளிம்பில் துளை போடுவதும் அதே தப்பு. துளை போட வேண்டிய இடம் உத்தரத்தின் செங்குத்தான முகம், விளிம்புகளிலிருந்து போதிய அளவு தள்ளி. எவ்வளவு தள்ளி, துளைக்குத் துளை எவ்வளவு இடைவெளி என்று ஒவ்வொரு லாரிக் கம்பெனியும் பாடி கட்டுபவர்களுக்கென்றே கையேட்டில் எழுதி வைத்திருக்கிறது. படிக்கச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

விரிசல் எப்படி ஓடும் என்பதற்கு ஒரு கப்பல் சாட்சி. 1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்தில் ஸ்கெனக்டடி என்ற புத்தம்புதிய எண்ணெய்க் கப்பல், துறையில் அமைதியான தண்ணீரில் நின்றுகொண்டிருந்தபோதே நடுவில் இரண்டாக முறிந்தது. முழுக்க வெல்டிங்கில் கட்டிய கப்பல் அது. அதற்கு முந்தைய தலைமுறைக் கப்பல்களில் தகடுகளை ரிவெட் அடித்து இணைத்தார்கள். ஒரு தகட்டில் விரிசல் விழுந்தால் அந்தத் தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். வெல்டிங்கில் எல்லாத் தகடும் ஒரே உடல். விரிசல் நிற்க இடமே இல்லை. கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண் விஞ்ஞானி, அந்த எஃகு குளிரில் நொறுங்கும் தன்மையடைவதுதான் மூலகாரணம் என்று காட்டினார். ஆனாலும் விரிசல் ஓடுவதற்குத் தொடர்ச்சியான பாதை போட்டுக் கொடுத்தது வெல்டிங். சேஸிஸிலும் இதே கதைதான். தட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே போல்ட் போட்டு மாட்டிய கோணத்துண்டில் விரிசல் வந்தால் கோணத்துண்டு உடையும், அதை மாற்றிக்கொள்ளலாம். வெல்டிங் வைத்த கோணத்துண்டில் வரும் விரிசல் அப்படியே சேஸிஸுக்குள் இறங்கிவிடும்.

சரி, போல்ட் தாங்குமா? பட்டறையில் சந்தேகப்படுபவர்கள் கேட்பது இதுதான். நாற்பது டன் வண்டியை விரல் தடிமன் போல்ட் எப்படிப் பிடிக்கும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஃபிஃப்த் வீல் எவ்வளவு கிடைமட்ட இழுவையைத் தாங்க வேண்டும் என்பதை ‘டி மதிப்பு’ என்ற எண்ணால் குறிப்பார்கள். தட்டில் விழும் பாரத்தையும் சேர்த்து முன்வண்டியின் எடை 18 டன், டிரெய்லரின் எடை 33 டன், அதில் தட்டின் மேல் விழுவது 11 டன் என்று வைத்துக்கொள்வோம். 18-ஐ 33-ஆல் பெருக்கி, 0.6-ஆல் பெருக்கி, 18-ஐயும் 33-ஐயும் கூட்டி 11-ஐக் கழித்தால் வரும் 40-ஆல் வகுத்து, புவியீர்ப்பின் 9.81-ஆல் பெருக்கினால் வருவது சுமார் 87 கிலோநியூட்டன். ஏறத்தாழ 9 டன் இழுவை. இப்போது போல்ட்டின் பக்கம் வருவோம். தலையில் 10.9 என்று பொறித்த 16 மில்லிமீட்டர் போல்ட்டைச் சரியாக முறுக்கினால், அது இரண்டு தகடுகளையும் சுமார் 10 டன் விசையோடு நெருக்கிப் பிடிக்கும். இறுக்கி வைத்த இரண்டு உள்ளங்கைகளைப் பக்கவாட்டில் பிரிக்கப் பார்த்தால் எப்படி விடாதோ, அந்த மாதிரி. உராய்வு அதில் ஏழில் ஒரு பங்கைத் தந்தால்கூட ஒரு போல்ட்டுக்கு ஏறத்தாழ 1.4 டன் கிடைக்கும். பக்கத்துக்கு எட்டாக 16 போல்ட் என்றால் இருபது டன்னைத் தாண்டிவிடும். ஆக, சரியாக இறுகிய போல்ட்டின் தண்டு துளையின் ஓரத்தைத் தொடவே தொடாது. அதை வெட்டும் விசை அதற்கு வருவதில்லை. பிடிப்பது தண்டின் தடிமன் இல்லை, இறுக்கம்.

அதனால்தான் முறுக்கும் அளவு உயிர்நாடி. 16 மில்லிமீட்டரில் 8.8 தர போல்ட்டுக்கு சுமார் 200 நியூட்டன் மீட்டர், 10.9-க்கு 300-ஐ ஒட்டி. தட்டின் கையேடு சொல்லும் எண்ணே இறுதி. இதைக் கைப்பழக்கத்தில் அறிய முடியாது, டார்க் ரெஞ்ச் வேண்டும். நீளமான பைப்பை ஸ்பேனரில் மாட்டித் தொங்கி முறுக்குபவர் சில போல்ட்டை இழுத்து நீட்டிவிடுவார், சிலதைப் பாதியில் விட்டுவிடுவார். இரண்டு தகடுகளுக்கு நடுவே தடிமனாகப் பெயின்ட் இருந்தால் அது நசுங்க நசுங்க இறுக்கம் போய்விடும். புதிதாகத் தட்டு மாட்டிய வண்டியைச் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் திரும்பக் கொண்டுவந்து ஒரு சுற்று முறுக்கச் சொல்வது அதற்காகத்தான். அந்த இரண்டாம் முறுக்குக்கு வராத வண்டிகளைத்தான் ‘போல்ட் நிக்கலீங்க, வெல்டு வெச்சாத்தான் நிக்கும்’ என்று சொல்லிக்கொண்டு மறுபடி கொண்டுவருகிறார்கள்.

துளை போடும் விதத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். டிரில் பிட் மொண்ணையாகிவிட்டது, நேரமாகிவிட்டது என்று கேஸ் கட்டரை எடுத்துத் துளையை ஊதிவிடுகிறார்கள். பார்க்க வட்டமாகத்தான் இருக்கும். விரலை உள்ளே விட்டுத் தடவினால் ஏறி இறங்கும் வரிகள் தட்டுப்படும், ஓரத்தில் கறுத்த கெட்டியான தோல் ஒன்று நிற்கும். அந்த ஒவ்வொரு வரியும் விரிசலுக்கு ஒரு வாசல். வெல்டிங் வேண்டாம் என்று போல்ட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, துளையை நெருப்பில் போட்டால், தவிர்க்க நினைத்ததையே வேறு வழியில் கூட்டி வந்த மாதிரி. டிரில் செய்து, ஓரத்தைச் சிராய்த்து வழவழப்பாக்கி, கெட்டியான தட்டை வாஷர் போட்டு, லாக் நட்டு போட வேண்டும். முறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து தகடு வரை ஒரு பெயின்ட் கோடு. கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று டிரைவர் குனிந்து பார்த்ததுமே தெரிந்துவிடும். வெல்டிங்கில் இப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு கோடும் கிடையாது.

வெல்டிங்குக்கு இந்தக் கதையில் இடமே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. டிரெய்லர் பக்கம் முழுக்க வெல்டிங்தான். டிரெய்லரின் உத்தரங்களைத் தகடுகளை வெட்டி வெல்டிங் செய்துதான் கட்டுகிறார்கள். அதற்கேற்ற, வெல்டிங்கைத் தாங்கும் எஃகையே வாங்குகிறார்கள். வடிவமைக்கும்போதே வெல்டிங் எங்கே வரும் என்று கணக்கிட்டுத் தடிமன் கொடுக்கிறார்கள். முன்வண்டியிலும், ஃபிஃப்த் வீலுக்கு அடியில் வரும் தளத்தகட்டின் மேல், தட்டு முன்னும் பின்னும் நழுவாமல் தடுக்கும் தடுப்புத் துண்டுகளை வெல்டிங் வைத்துத்தான் நிறுத்துகிறார்கள். தளத்தகடு சேஸிஸ் இல்லை, வேண்டாம் என்றால் கழற்றி எறியலாம். வெல்டிங்கின் எல்லை அங்கே முடிகிறது. தளத்தகட்டைக் கோணத்துண்டுகளோடும், கோணத்துண்டுகளை சேஸிஸோடும் சேர்ப்பது போல்ட்.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி குடும்பங்களுக்குள்ளும் வருகிறது. பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் சின்ன ஃபிஃப்த் வீல் ஒன்றை மாட்டி, வீட்டையே இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். டிரெய்லர் எடையில் 15 முதல் 25 சதவீதம் பிக்கப்பின் முதுகில் இறங்கும். பழைய பண்ணைக்காரர்கள் இரும்புச் சட்டம் ஒன்றை எடுத்து நேரே சேஸிஸில் வெல்டிங் வைத்துவிடுவார்கள். இன்று அங்கே விற்கும் கிட்டுகள் பெரும்பாலும், சேஸிஸில் ஏற்கெனவே இருக்கும் துளைகளில் போல்ட் போட்டுப் பொருத்துகிற மாதிரியே வருகின்றன. நம் ஊரில் பிக்கப்புக்கு அப்படிக் கிட்டு கிடைக்காததால் பட்டறையே முடிவெடுக்கிறது. வண்டியின் அமைப்பை மாற்றுவதை 1988-ன் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதும் அங்கே யாருக்கும் நினைவு வருவதில்லை.

உப்பும் மழையும் உள்ள இடத்தில் இந்த வாதம் நிற்கிறதா என்று பார்க்க, இனி கடல் தாண்ட வேண்டும்.

சென்னையிலிருந்து அந்தமானின் ஸ்ரீ விஜயபுரத்துக்கு, 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்று இருந்த ஊருக்கு, கடல்வழி சுமார் 1,200 கிலோமீட்டர். சிமென்ட், கம்பி, அரிசி, தார் எல்லாமே கப்பலில் வந்து ஹாடோ துறையில் இறங்கி, அங்கிருந்து குட்வில் எஸ்டேட் போன்ற கிராமங்கள் வரை சக்கரத்தில் போகின்றன. தீவுகளில் தமிழ் பேசுபவர்கள் 2011 கணக்குப்படி மக்கள்தொகையில் 15 சதவீதம். ஹாடோவுக்குப் பக்கத்தில் பாலம் தாண்டினால் சாத்தம் தீவு, 1883-ல் தொடங்கிய அரசு மர அறுவை ஆலை. டெட்ராய்ட்டின் கொல்லரிடம் டிரெய்லர் கேட்டு வந்தவரும் மர வியாபாரிதான் என்பது சாத்தம் ஆலையைப் பார்க்கும்போது எனக்கு நினைவுக்கு வரும். இங்கே காட்டு மரங்களை யானைகள் இழுத்து வந்தன, தெப்பமாகக் கட்டித் தண்ணீரில் கொண்டுவந்தார்கள். டிரெய்லர்களின் காலம் வந்தது பின்னால்தான்.

தீவில் வெல்டிங்கின் பலவீனம் இரண்டு மடங்கு. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை, ஆண்டின் பெரும்பகுதி ஈரக்காற்று. உயர்வலிமை எஃகில் வெல்டிங் வைப்பதானால் 7018 வகை ராடு வேண்டும், அதன் மேல்பூச்சில் ஈரமே இருக்கக் கூடாது. ஈரம் இருந்தால் அது மின்வில்லின் சூட்டில் ஹைட்ரஜனாகப் பிரிந்து உருகிய எஃகுக்குள் புகுந்துகொள்ளும். வெல்டிங் பார்க்கப் பளபளவென்று இருக்கும், பல மணி நேரம் கழித்தோ மறுநாளோ உள்ளே விரிசல் விடும். அதற்காகத்தான் அந்த ராடுகளை 300 முதல் 350 டிகிரி சூட்டில் சுட்டு உலர்த்தி, வேலை முடியும் வரை சூடான பெட்டிக்குள் வைத்திருக்கச் சொல்கிறார்கள். மழையில் பிரித்த பாக்கெட்டைத் தகரக் கூரையின் கீழ் மூன்று நாள் வைத்திருந்து, அந்த ராடால் சேஸிஸில் வெல்டிங் வைப்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. சாதாரணப் பட்டறையில் புழங்கும் 6013 ராடு, உலர்ந்திருந்தாலும் இந்த வேலைக்குப் பொருந்தாது. அதன் பூச்சிலேயே ஹைட்ரஜன் அதிகம்.

போல்ட்டுக்கும் அங்கே எதிரி உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. இரண்டு தகடுகள் சேரும் இடுக்கில் உப்புத் தண்ணீர் புகுந்தால் வெளியேறாது. இடுக்குக்குள்ளேயே துரு வளரும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்கும். கடைசியில் தகடுகளையே நெம்பிப் பிரிக்கும். அதனால் தீவுக்குப் போகும் வண்டியில், பொருத்தும் முன் இரண்டு முகங்களையும் சுத்தம் செய்து மெல்லிய துத்தநாகப் பூச்சு கொடுத்து, முறுக்கியபின் விளிம்பைச் சுற்றி அடைத்துவிட வேண்டும். துத்தநாகம் பூசிய போல்ட்டில் நட்டு வழுக்கும் அளவு மாறுவதால், முறுக்கும் எண்ணும் மாறும். இதைக் கவனிக்காமல் பழைய எண்ணையே வைத்து முறுக்குவது தீவுக்கு அனுப்பும் வண்டிகளில் சுலபமாக நடக்கக்கூடிய பிழை.

பிறகு சாலை. அந்தமான் டிரங்க் ரோடு, இன்றைய தேசிய நெடுஞ்சாலை 4, தெற்கிலிருந்து வடக்கே திக்லிபூர் வரை போகிறது. மிடில் அந்தமானையும் வடக்கு அந்தமானையும் பிரிக்கும் ஆஸ்டின் நீரிணைக்கு மேல் செங்கப்பா பாலம் 2002-ல் வந்தது. ஆனால் பாராடாங்குக்குப் போக மிடில் ஸ்ட்ரெய்ட்டில் வண்டியைப் படகில் ஏற்றித்தான் கடக்க வேண்டும். ஏற்றப் பலகையில் முன்வண்டி மேல்நோக்கி ஏறும், அதன் பின்னால் டிரெய்லர் இன்னும் சமதரையில் நிற்கும். அந்தக் கோணத்தை விழுங்கிக்கொள்வதற்காகவே ஃபிஃப்த் வீல் தன் அச்சில் முன்னும் பின்னும் சாய்கிறது, மார்ட்டின் காலத்திலிருந்து. படகு ஆடும்போது பக்கவாட்டு முறுக்கம் வேறு சேரும். அதைத் தட்டு விழுங்காது, சேஸிஸ்தான் முறுக்கிக்கொண்டு விழுங்க வேண்டும். மேஸ்திரி சொன்ன ‘ஆடோணும்’ இங்கேதான் பலிக்கிறது. சேஸிஸை ஆட விடாமல் வெல்டிங்கால் கட்டிப்போட்டிருந்தால், முறுக்கம் முழுவதும் வெல்டிங் முடியும் ஒற்றை ஓரத்தில் வந்து குவியும். அங்கே விரிசல் விட்டால், காட்டு வழியில், அதுவும் ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்துக்குள் வண்டிகளை அணிவகுத்து மட்டுமே அனுப்பும் பாதையில், கிரேன் வரும் என்று காத்திருப்பது சுலபமில்லை.

தட்டுக்கும் ஒரு முடிவு உண்டு. கிரீஸ் காய்ந்து மணல் ஒட்டி அரைத்து அரைத்துத் தேயும். கிங் பின் 50.8 மில்லிமீட்டரிலிருந்து 49 மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் மாற்றச் சொல்கிறார்கள். தேய்மானத்தில் கண்ணுக்குப் படாத அந்த ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சத்தை வெர்னியர் வைத்தால்தான் பிடிக்க முடியும். பூட்டு தளர்ந்தால் பிரேக் போடும்போது ‘டக்’கென்று ஒரு சத்தம் வரும். டிரைவர்கள் அந்தச் சத்தத்தைப் பழகிவிடுகிறார்கள், பழகக் கூடாது. வண்டியை மாட்டியதும் கைப்பிடி முழுக்க உள்ளே போய்விட்டதா என்று பார்த்து, தட்டுக்கும் டிரெய்லருக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று டார்ச் அடித்துக் குனிந்து பார்த்து, டிரெய்லர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்வண்டியை மெல்ல இழுத்துப் பார்த்தபின்தான் கிளம்ப வேண்டும். இதற்கு ஆகும் நேரம் ஒரு டீக்கு ஆகும் நேரம்கூட இல்லை.

தட்டு முழுக்கத் தேய்ந்தபின் நட்டுகளைக் கழற்றி, பழையதைத் தூக்கி எடைக்குப் போட்டுவிட்டு, சேஸிஸின் துளைகளைத் துடைத்து, உத்தரத்தின் உள்முகத்தையும் கீழ்விளிம்பையும் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கலாம். வெல்டிங் வைத்த வண்டியில் இந்த வேலைக்கு மறுபடி கட்டரும் கிரைண்டரும் வேண்டும், ஒவ்வொரு தடவையும் சேஸிஸ் கொஞ்சம் மெலியும். போல்ட் போட்ட வண்டியில் புதிய தட்டும் புதிய போல்ட்டுகளும் அதே துளைகளில் உட்காரும். பழைய போல்ட்டுகளை மட்டும் திரும்பப் போடக் கூடாது, எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும்.